மண்ணீரல் எடுத்த பிறகு மூச்சு வாங்குகிறதா? பெங்களூரு வாசகர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன் ஓசூர் சாலையில் வண்டி சறுக்கி விழுந்து, வயிற்றுக்குள் இரத்தம் கசிந்து, உயிர் பிழைக்க மண்ணீரலை எடுத்துக்கொண்டவராக நீங்கள் இருக்கலாம். தலசீமியாவுக்காகச் சிறு வயதிலேயே எடுத்திருக்கலாம். பிளேட்லெட் குறைந்துகொண்டே போனதால் எடுத்திருக்கலாம். தையல் ஆறியதும் அந்தக் கஷ்டம் முடிந்தது என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைப்பார்கள். பிறகு ஒரு நாள் மெட்ரோ நிலையப் படிக்கட்டில் பாதி ஏறியதும் மூச்சு முட்டி நிற்க வேண்டி வரும். ‘வயசாகுது’, ‘எடை கூடிடுச்சு’, ‘இந்த ஊர்க் குளிருக்கு வீசிங் வரும்’ என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பழைய ஆபரேஷன் யாருக்கும் ஞாபகம் வராது.

அதை ஞாபகப்படுத்தவே இந்த வழிகாட்டி. மண்ணீரல் இல்லாத சிலருக்கு, பல ஆண்டுகள் கழித்து, நுரையீரலின் இரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறுகிறது. இதை நுரையீரல் உயர் இரத்த அழுத்தம் என்கிறோம். சீக்கிரம் கண்டுபிடித்தால் செய்வதற்கு நிறைய இருக்கிறது. தாமதமானால் இதயத்தின் வலது பக்கம் தளர்ந்துவிடும். எல்லாப் படிகளையும் வரிசையாகப் பார்ப்போம்.

## மண்ணீரல் என்ன வேலை செய்துகொண்டிருந்தது?

வயிற்றின் இடது மேல்புறம், விலா எலும்புகளுக்கு அடியில் ஒளிந்திருக்கும் உறுப்பு இது. பெரியவர்களுக்குச் சுமார் 150 முதல் 200 கிராம் எடை இருக்கும். இரத்தத்தைச் சலித்துத் தருவதுதான் இதன் முக்கிய வேலை.

ஒரு சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழும். வயதான, விறைத்துப்போன, பழுதான அணுக்கள் மண்ணீரலின் மிகக் குறுகிய இடுக்குகளில் நுழைந்து வெளியேற முடியாமல் சிக்கிக்கொள்ளும். மண்ணீரல் அங்கேயே அவற்றை அழித்துவிடும். அதோடு, உடலின் பிளேட்லெட்டுகளில் மூன்றில் ஒரு பங்கு இங்கேதான் தங்கியிருக்கும். சில வகைக் கிருமிகளைப் பிடித்து ஒழிப்பதும் இதன் பொறுப்பு.

சல்லடையை எடுத்துவிட்டால் தூசு போக வழியில்லாமல் இரத்தத்திலேயே சுற்றும்.

## நுரையீரலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

உடம்பின் இரத்தம் முழுவதும் ஒவ்வொரு சுற்றிலும் நுரையீரல் வழியாகப் போய்த்தான் ஆக வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் அந்த வழியே பாய்கிறது. மண்ணீரல் போன பின் மூன்று மாற்றங்கள் அங்கே சேர்ந்து வேலை செய்வதாக மருத்துவர்கள் கருதுகிறார்கள்.

முதலாவது, பிளேட்லெட் எண்ணிக்கை கூடுகிறது. தங்க இடம் இல்லாததால் எல்லாம் ஓட்டத்திலேயே இருக்கின்றன.

இரண்டாவது, பழுதான சிவப்பணுக்கள் நிலைத்துவிடுகின்றன. இவற்றின் உறையில் உள்ளே மறைந்திருக்க வேண்டிய ஒரு வகைக் கொழுப்பு வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். அது இரத்தம் உறைவதைத் தூண்டும்.

மூன்றாவது, அந்த அணுக்கள் குழாய்க்குள்ளேயே உடையும்போது ஹீமோகுளோபின் சிதறுகிறது. இரத்தக்குழாயைத் தளர்வாக வைத்திருக்கும் நைட்ரிக் ஆக்சைடை அது உறிஞ்சிவிடும். குழாய் இறுகும்.

போர்வெல் தண்ணீர் ஓடும் வீட்டுக் குழாயைப் பெங்களூர்வாசிகளுக்கு நன்றாகத் தெரியும். உள்ளே உப்புப் படியப் படிய வழி குறுகி, மோட்டார் திணறும். நுரையீரல் தமனியில் உறைகட்டிகள் படிந்து தழும்பாக இறுகும்போதும் இதுவே நடக்கிறது. திணறும் மோட்டார் இங்கே இதயத்தின் வலது கீழறை. குறைந்த அழுத்தத்துக்காகவே மெல்லிய சுவரோடு அமைந்த அறை அது.

## பயப்பட வேண்டுமா?

பீதி வேண்டாம், கவனம் வேண்டும். மண்ணீரல் எடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதில்லை. ஆனால் இந்த நோய் வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தால், அவர்களில் மண்ணீரல் இல்லாதவர்கள் நாம் எதிர்பார்ப்பதைவிட அதிகமாக இருக்கிறார்கள்.

1999-ல் ஜெர்மனியில் ஹோப்பர் என்ற ஆய்வாளரின் குழுவினர் காரணம் தெரியாத நுரையீரல் உயர் அழுத்தம் கொண்ட 61 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 7 பேருக்கு மண்ணீரல் இல்லை. அறுவைக்கும் நோய்க்கும் இடைவெளி 4 முதல் 32 ஆண்டுகள் வரை இருந்தது. 2005-ல் பிரான்ஸிலிருந்து வந்த ஆய்வில், நுரையீரலில் உறைகட்டிகள் நாள்பட்டு இறுகியதால் உயர் அழுத்தம் வந்த 257 பேரில் 8.6 சதவீதம் பேர் மண்ணீரல் எடுத்தவர்கள். மற்ற நாள்பட்ட நுரையீரல் நோயாளிகளிடம் அந்த அளவு ஒரு சதவீதத்துக்கும் கீழே. தலசீமியா இன்டர்மீடியா உள்ள 584 பேரை வைத்து 2010-ல் வெளியான பன்னாட்டு ஆய்வும், மண்ணீரல் எடுத்தவர்களுக்கு இரத்த உறைவும் நுரையீரல் உயர் அழுத்தமும் கூடுதல் என்றது.

அந்த 4 முதல் 32 ஆண்டுகள் என்ற இடைவெளியை மனதில் வையுங்கள். நோய் தப்பிப்போவதே அதனால்தான். அறுவை செய்த மருத்துவர் ஓய்வு பெற்றிருப்பார். கோப்பு தொலைந்திருக்கும். மூச்சு வாங்குவதைப் பார்க்கும் புதிய மருத்துவருக்குப் பழைய கதை தெரியாது. அந்தக் கதையைச் சொல்லக்கூடியவர் நீங்கள் மட்டுமே.

## படி 1: பழைய கோப்பைத் தேடி எடுங்கள்

டிஸ்சார்ஜ் சம்மரி கிடைத்தால் நல்லது. அறுவை செய்த மருத்துவமனையின் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் எழுதிக் கேட்டும் பார்க்கலாம். கிடைக்காவிட்டால் நினைவில் இருப்பதை ஒரு தாளில் எழுதுங்கள்:

- எந்த வருடம், எந்த மருத்துவமனை, என்ன காரணம். விபத்துக்காக எடுத்ததற்கும் இரத்த நோய்க்காக எடுத்ததற்கும் வித்தியாசம் உண்டு. சிவப்பணுக்கள் உடையும் நோய்களில்தான் ஆபத்து அதிகம்.
- போட்ட தடுப்பூசிகளும் தேதிகளும்.
- கடைசி மூன்று நான்கு இரத்தப் பரிசோதனைகளில் பிளேட்லெட், ஹீமோகுளோபின் அளவு. பிளேட்லெட்டின் இயல்பு 1.5 முதல் 4.5 லட்சம்.
- காலிலோ நுரையீரலிலோ முன்பு இரத்தம் உறைந்ததுண்டா?
- இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளும், நாட்டு மருந்து உட்பட.

இனி எந்த மருத்துவரிடம் போனாலும், ஜுரமோ பல்வலியோ எதுவானாலும், முதல் வாக்கியம் இதுவாக இருக்கட்டும்: “எனக்கு ஸ்ப்ளீன் எடுத்தாச்சு டாக்டர், இன்ன வருஷத்தில்.” அதையே ஒரு அட்டையில் ஆங்கிலத்தில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். நீங்கள் பேச முடியாத நிலையில் அது பேசும்.

## படி 2: மூச்சை அளந்து பாருங்கள்

இந்த நோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் ஒன்றே: வேலை செய்யும்போது மூச்சு வாங்குவது. மருத்துவர்கள் இதை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். நம் ஊர்க் கணக்கில் ஏறத்தாழ இப்படி:

- முதல் நிலை: லால்பாக் பாறையில் மற்றவர்களோடு பேசிக்கொண்டே ஏற முடிகிறது.
- இரண்டாம் நிலை: சமதரையில் சிரமமில்லை. இரண்டு மாடி ஏறினாலோ, மார்க்கெட் பையைத் தூக்கி வந்தாலோ மூச்சு வாங்குகிறது.
- மூன்றாம் நிலை: தெருமுனைக் கடைக்குப் போய்வரவே நடுவில் நிற்க வேண்டியிருக்கிறது. குளித்து உடுத்துவதே களைப்பாக இருக்கிறது.
- நான்காம் நிலை: உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறுகிறது.

கூடவே இவற்றையும் கவனியுங்கள்: கணுக்காலில் வீக்கம், வயிறு உப்புசம், நடக்கும்போது நெஞ்சை அழுத்துவது, படபடப்பு, தலைசுற்றல், மயக்கம், உதடு நீலம் பாய்தல். போன வருடம் முடிந்தது இந்த வருடம் முடியவில்லை என்றால் அதுவே மருத்துவரைப் பார்க்கப் போதுமான காரணம்.

கையில் கட்டிப் பார்க்கும் பிரஷர் மெஷின் இதைக் காட்டாது. அது உடம்பின் அழுத்தம். நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம் இயல்பாகச் சுமார் 14 மில்லிமீட்டர்தான். கையில் பிரஷர் நார்மலாகவும் நுரையீரலில் இரண்டு மூன்று மடங்காகவும் இருக்கலாம்.

## படி 3: எக்கோ கேளுங்கள்

முதல் பரிசோதனை எக்கோ, அதாவது இதயத்தின் அல்ட்ராசவுண்ட். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை. வலது பக்க வால்வில் பின்னோக்கிக் கசியும் இரத்தத்தின் வேகத்தை வைத்து நுரையீரல் அழுத்தத்தைக் கணிப்பார்கள். அந்த வேகம் வினாடிக்கு 2.8 மீட்டரைத் தாண்டினால் சந்தேகம் எழும். 3.4-ஐத் தாண்டினால் சந்தேகம் பலமாகும். வலது அறைகள் பெரிதாகியிருக்கின்றனவா என்பதும் அந்த அறிக்கையில் இருக்கும்.

எக்கோ சந்தேகத்தை எழுப்பும், முடிவைச் சொல்லாது. இரத்தசோகை உள்ளவர்களுக்கும் எண்கள் ஏறித் தெரியலாம். அறிக்கையை வைத்து நீங்களே முடிவுக்கு வராதீர்கள்.

எக்கோவோடு ஈசிஜி, மார்பு எக்ஸ்ரே, என்டி-புரோபிஎன்பி எனும் இரத்தப் பரிசோதனை, ஆறு நிமிடம் நடக்கவைத்துத் தூரத்தை அளக்கும் சோதனை ஆகியவையும் செய்வார்கள்.

அறிகுறியே இல்லாவிட்டாலும், தலசீமியா போன்ற இரத்த நோய்க்காக மண்ணீரல் எடுத்தவர்கள் எத்தனை காலத்துக்கு ஒருமுறை எக்கோ பார்க்க வேண்டும் என்று தங்கள் இரத்த நோய் மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

## படி 4: காரணத்தைப் பிரித்தறிவது

இந்தப் படியைத் தாண்டிப் போகவிடாதீர்கள். அழுத்தம் ஏறியிருக்கிறது என்று தெரிந்ததும் மாத்திரையைத் தொடங்கிவிட்டு, காரணத்தைத் தேடாமல் விடுவது பெரிய இழப்பாகலாம். உறைகட்டிகளால் வந்த வகையைப் பலருக்கு அறுவை மூலம் சரிசெய்ய முடியும்.

வி/கியூ ஸ்கேன். நுரையீரலில் காற்று எங்கே போகிறது, இரத்தம் எங்கே போகிறது என்று ஒப்பிடும் பரிசோதனை. காற்று போகும் இடத்துக்கு இரத்தம் போகவில்லை என்றால் அங்கே அடைப்பு. நியூக்ளியர் மெடிசின் பிரிவு உள்ள மருத்துவமனையில் மட்டுமே செய்ய முடியும். நாள்பட்ட உறைகட்டிகளைத் தவறவிடாமல் பிடிப்பதில் இது மிக நம்பகமானது. சாதாரண சிடியில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் ‘வி/கியூ தேவையா டாக்டர்?’ என்று கேளுங்கள்.

சிடி ஆஞ்சியோ. அடைப்பு எந்தக் கிளையில், எவ்வளவு தூரம் என்ற வரைபடத்தைத் தரும்.

வலது இதய கதீட்டர். கழுத்து அல்லது தொடைச் சிரை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி அழுத்தத்தை நேரடியாக அளப்பார்கள். 2022-ல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதலின்படி சராசரி அழுத்தம் 20-க்கு மேல் இருந்தால் நோய் உறுதி. முன்பு 25 என்று இருந்ததைக் குறைத்திருக்கிறார்கள்.

இரத்தம் உறையும் தன்மையைக் கூட்டும் நோய்களுக்கும், குறிப்பாக ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய்க்கும், பரிசோதனை செய்வார்கள். எந்த மருந்து பொருந்தும் என்பது அதைப் பொறுத்தும் மாறும்.

## படி 5: பெங்களூரில் எங்கிருந்து தொடங்குவது?

சிவாஜிநகர், அல்சூர் பக்கம் இருப்பவர்களுக்கு அரசு பௌரிங் மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவு ஒரு நல்ல தொடக்கம். இதயப் பரிசோதனைக்கு ஜெயநகர் 9-வது பிளாக்கில் அரசின் ஜெயதேவா இதய நிலையம் இருக்கிறது. நுரையீரல் மருத்துவத்துக்கென்றே நிம்ஹான்ஸ் அருகில் ராஜீவ் காந்தி மார்பு நோய் நிலையம் இருக்கிறது. தனியார் தரப்பில் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல துறைகள் ஒரே வளாகத்தில் உள்ளன. உறைகட்டியை அகற்றும் பெரிய அறுவைக்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் நோயாளிகள் வரும் இடங்களில் ஒன்று பொம்மசந்திராவின் நாராயணா. 2025 ஆகஸ்டில் திறந்த மெட்ரோ மஞ்சள் தடம் ஜெயதேவாவையும் பொம்மசந்திராவையும் இணைக்கிறது. படியேற முடியாதவர்கள் லிஃப்டைப் பயன்படுத்துங்கள்.

பணம் பற்றி முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஆயுஷ்மான் பாரத் ஆரோக்கிய கர்நாடகா திட்டத்தில் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. தனியார் மருத்துவமனைக்குப் போக அரசு மருத்துவமனையின் பரிந்துரைக் கடிதம் பொதுவாகத் தேவைப்படும். ஓசூர், கிருஷ்ணகிரியிலிருந்து வருபவர்கள் தமிழ்நாடு முதல்வர் காப்பீட்டு அட்டையையும் ரேஷன் கார்டையும் எடுத்து வந்து, சேர்வதற்கு முன்பே திட்ட உதவி மையத்தில் அந்த அட்டை செல்லுமா என்று கேளுங்கள். மொழி தயக்கமாக இருந்தால் படி 1-ல் எழுதிய தாளை நீட்டுங்கள்.

## படி 6: சிகிச்சையைப் புரிந்துகொள்ளுங்கள்

இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து. உறைகட்டி வகை என்றால் வாழ்நாள் முழுவதும் வேண்டும். வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடுபவர்கள் இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் அளவைப் பொதுவாக 2-க்கும் 3-க்கும் இடையில் வைத்திருக்க வேண்டும். கீரையை நிறுத்த வேண்டாம். ஒரு வாரம் நிறைய, மறு வாரம் ஒன்றுமில்லை என்று மாற்றாமல் சீராகச் சாப்பிடுங்கள்.

அறுவை. மார்பைத் திறந்து, உடலைச் சுமார் 20 டிகிரிக்குக் குளிர்வித்து, இரத்த ஓட்டத்தைச் சிறு சிறு இடைவெளிகளில் நிறுத்தி, தமனியின் உட்புறம் ஒட்டிய தழும்பை உரித்தெடுப்பார்கள். அனுபவமுள்ள குழு மட்டுமே செய்யக்கூடியது. வெற்றி பெற்றால் வாழ்க்கையே திரும்பக் கிடைக்கும். மண்ணீரல் எடுத்தவர்களுக்கு அடைப்பு சிறு கிளைகளில் தள்ளி இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால், அறுவை பொருந்துமா என்பதை அத்தகைய குழுவே சொல்ல வேண்டும்.

பலூன். கைக்கு எட்டாத சிறு கிளைகளைக் கதீட்டர் வழியே பலூனால் விரிப்பது. பல அமர்வுகளில் செய்வார்கள்.

மாத்திரைகள். ரியோசிகுவாட், சில்டெனாஃபில், டாடாலாஃபில், போசென்டான், ஆம்ப்ரிசென்டான் போன்றவை குழாயைத் தளர்த்தும். ரியோசிகுவாட்டையும் சில்டெனாஃபில் வகையையும் சேர்த்துச் சாப்பிடவே கூடாது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையோடும் இந்த இரண்டு வகையும் ஆகாது. நெஞ்சுவலி என்று அவசரமாகப் போனால் நீங்கள் சாப்பிடும் மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள்.

அடிப்படை இரத்த நோய். தலசீமியா உள்ளவர்களுக்கு முறையாக இரத்தம் ஏற்றுவதும், இரும்பை வெளியேற்றும் மருந்தும், சிலருக்கு ஹைட்ராக்சியூரியாவும் நுரையீரலுக்கும் சேர்த்தே செய்யும் சிகிச்சை.

## படி 7: அன்றாட வாழ்க்கை

மலைப் பயணம். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம். விடுமுறைக்கு நாம் போகும் ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேலே. நோய் உறுதியானவர்கள் ஆக்சிஜன் ஏற்பாடு இல்லாமல் 1,500 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான அறிவுரை. டிக்கெட் போடுமுன் மருத்துவரிடம் கேளுங்கள்.

கர்ப்பம். இந்த நோயோடு கருத்தரிப்பது தாயின் உயிருக்கே ஆபத்து. கல்யாணப் பேச்சு நடக்கும்போதே, கூச்சமில்லாமல், மருத்துவரோடு பேச வேண்டிய விஷயம்.

உப்பும் நடையும். ஊறுகாய், அப்பளம், சிப்ஸைக் குறையுங்கள். தினமும் எடை பாருங்கள். இரண்டு மூன்று நாளில் கூடினால் நீர் தேங்குகிறது. மருத்துவர் சொன்ன அளவுக்கு நடங்கள். மூச்சு வாங்கினால் நில்லுங்கள்.

ஜுரம். மண்ணீரல் இல்லாதவர்களுக்கு ஜுரம் எப்போதுமே அவசரம். நிமோகாக்கஸ் போன்ற கிருமிகள் சில மணி நேரத்திலேயே இரத்தத்தில் பரவிவிடும். பாராசிட்டமால் போட்டுக் காலையில் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் தடுப்பூசிகளும் ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசியும் தேவை. தெருநாய் கடித்தால் ரேபிஸ் ஊசியோடு ஆன்டிபயாட்டிக்கும் வேண்டும். மண்ணீரல் இல்லை என்று அங்கேயும் சொல்லுங்கள். மழைக்காலத்து டெங்குவில் பிளேட்லெட் குறையும். உறைவுத் தடுப்பு மருந்தோ ஆஸ்பிரினோ சாப்பிடுபவர்கள் அன்றே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். ஆஸ்பிரினை நீங்களாகத் தொடங்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

## எப்போது 108-ஐக் கூப்பிட வேண்டும்?

- திடீரென்று மூச்சுத் திணறல், நெஞ்சுவலி
- இருமலில் இரத்தம்
- நடக்கும்போது மயங்கி விழுதல்
- ஒரு காலில் மட்டும் திடீர் வீக்கமும் வலியும், கூடவே மூச்சுத் திணறல்
- குளிர் நடுக்கத்தோடு ஜுரம், குழப்பமான பேச்சு

## இன்னும் எடுக்கவில்லை என்றால்

மண்ணீரல் எடுக்கலாம் என்று யோசனை சொல்லியிருக்கிறார்களா? மூன்று கேள்விகள் கேளுங்கள். வேறு வழி உண்டா? பிளேட்லெட் குறையும் ஐடிபி நோய்க்கு இப்போது ரிட்டுக்ஸிமாப், எல்ட்ராம்போபேக் போன்ற மருந்துகள் உள்ளன. விபத்துக் காயத்திலும் நிலைமை சீராக இருந்தால் கண்காணித்தோ, இரத்தக்குழாயை அடைத்தோ மண்ணீரலைக் காப்பாற்ற முடிகிறது. ஒரு பகுதியை மட்டும் எடுத்தால் போதுமா? தடுப்பூசி எப்போது? திட்டமிட்ட அறுவை என்றால் குறைந்தது இரண்டு வாரம் முன்பே போட்டுவிட வேண்டும்.

எடுத்தே ஆக வேண்டிய நிலையில் தயங்காதீர்கள். உயிரைக் காக்கும் அறுவை அது. ஏற்கெனவே எடுத்தவர்களும் அதை எண்ணி வருந்த வேண்டாம். அன்று எடுத்ததால்தான் இன்று படியேறுகிறீர்கள். அந்தப் படியில் மூச்சு முட்டினால் அதற்கொரு காரணம் இருக்கும். இன்றே அந்தத் தாளை எழுதுங்கள். அடுத்த முறை மருத்துவர் முன் உட்காரும்போது, பல வருடங்களுக்கு முந்தைய அந்த ஆபரேஷனிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள்.